நைவாஷா ஏரியும் அவருடைய வலது கையும்

கென்யாவில் நைவாஷா என்றொரு ஏரி இருக்கிறது. போன வருடம் பறவை பார்க்கவென்று அங்கே போய் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தோம். லண்டனில், எங்கள் கோலியர்ஸ் வுட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், கடையில் கீரை பொறுக்கும்போதும் எதிர்ப்படுகிற நம்மவர்கள் எல்லாம் "ஆபிரிக்கா எப்பிடி?" என்று கேட்கிறார்கள். "நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். வேறு என்னத்தைச் சொல்ல? அந்த ஐந்து நாளும் நான் பார்த்தது ஒரு கையைத்தான். என் கணவரின் வலது கை. அது எப்போது நடுங்கத் தொடங்கும், அந்த நேரத்தில் யார் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்குள் நான் எதைச் சொல்லி எதை மறைக்கலாம் என்று பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் பூத்துப் போனது.

இவருக்குப் பார்க்கின்சன் வருத்தம், அதுதான் நடுக்க நோய், என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில், பஸ்ஸில் திரும்பி வரும்போதே இவர் சொன்னார், "எட்மண்டனுக்குப் போன் எடுத்து உம்மடை அக்காவுக்குச் சொல்லும். பிறகு அறிஞ்சா மனவருத்தப்படுவா." நான் மாட்டேன் என்றேன். அக்காவுக்குக் காலையில் ஒன்றைச் சொன்னால், பின்னேரத்துக்குள் அப்டன் பார்க்கில் மீன் வாங்குகிறவர்கள் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கலியாணம் பேசுகிற வயது. வருத்தக்கார வீடு என்று ஒரு கதை கிளம்பினால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பிறகு சொல்லுறம்" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

"பொம்பிளைப்பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப்போடும். எழுத்து முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்று இவரிடம் சொன்னேன். எழுத்து என்று நாங்கள் சொல்வது பதிவுத் திருமணத்தை. அது முடிந்துவிட்டால் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. இவருக்கு அது பிடிக்கவில்லை. மறைக்கிறது எங்களுக்குச் சரிவராது என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, எங்கள் வீட்டில் எப்போதும் நடப்பதுபோல, நான் சொன்னதே நடந்தது. நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். பெண் பிள்ளையைப் பெற்று லண்டனில் வளர்த்துப் பார்த்தவர்கள் வந்து என்னோடு கதைக்கட்டும்.

நான் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் மகளே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். அவளோடு வேலை செய்கிற பையன். தமிழ்நாட்டுக் குடும்பம். அப்பா வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை, அம்மா வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்க்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. ஆனால் எழுதுகிற வசதிக்கு நான் சம்பந்தி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மகளையும் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தேன். "அம்மா, இது கொஞ்சமும் சரியில்லை. அவையளுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்று அவள் ஆங்கிலமும் தமிழுமாக என்னோடு சண்டை பிடித்தாள். எழுத்து முடிந்த அடுத்த நாள் நானே சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் சொல்லி வைத்தபடி இவர் வலது கையைத் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி ஐயாவின் கண் யன்னலோரம் இருந்த பைனாக்குலரில் விழும்வரை.

இவர் ட்யூப் ஸ்டேஷன் வேலையை நேரத்தோடு விட்ட பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் அது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வான்டில் ஆற்றங்கரையில் நடப்பார். பெரிய சுப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடுகிற அந்தச் சின்ன ஆற்றில் நாரை நிற்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மீன்கொத்தியும் பறக்கும். அங்கே பறவை பார்க்கிற இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் இவருக்குச் சிநேகம். என்னோடு ஒரு நாளில் பேசுகிறதைவிட அவர்களோடு கூடப் பேசுவார். பேசட்டும், அந்த ஒரு மணித்தியாலம்தான் வருத்தத்தை மறந்து திரிகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

"சார், நீங்க பேர்டரா?" என்று சம்பந்தி ஐயா எழும்பியே விட்டார். அவருக்கும் அதே பைத்தியமாம். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறாராம். எந்தெந்தக் குளத்துக்கெல்லாம் போனார் என்று அடுக்கிக்கொண்டே போனார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக் காட்டினார். சிரித்தோம். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

"சார், ஈஸ்டருக்கு நாங்க நைவாஷா போறோம். நீங்களும் அக்காவும் வாங்களேன். ரெண்டு குடும்பமும் பழகின மாதிரி இருக்கும்" என்று என்னையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

நான் காலால் இவருடைய காலைத் தேடினேன். கால் அகப்படும் முன்பே இவர் "ஓம், வாறம்" என்றுவிட்டார்.

அவர்கள் போன பிறகு நான் கத்தின கத்து பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மூன்று மணித்தியாலம் சோபாவில் மறைக்கிறதுக்கே எனக்கு உயிர் போய் வந்தது. ஐந்து நாள், ஒரே மேசையில், ஒரே வள்ளத்தில், எப்படி மறைப்பது? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் மெதுவாகச் சொன்னார். "வாற வருஷம் எனக்குப் பைனாக்குலர் பிடிக்க ஏலுமோ தெரியாதப்பா." அடுத்த நாளே டிக்கெட்டுக்குக் காசு கட்டினேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் விம்பிள்டன் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். நடுங்குகிற கைகளுக்கு உதவுவதுதான் எனக்குச் சம்பளம். ஆகவே வித்தை எல்லாம் தெரியும். கோப்பையை அரைவாசிக்கு மேல் நிரப்பக்கூடாது. தட்டுக்குக் கீழே ஈரத்துணி வைத்தால் தட்டு வழுக்காது. சூப் ஆகாது, பட்டாணி ஆகவே ஆகாது. மருந்துக் குளிசையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னதாகக் கொடுத்தால் சாப்பிடும் நேரத்தில் கை கொஞ்சம் அடங்கி இருக்கும் என்றும் தெரியும். இயன்றதை அவர்களையே செய்ய விடுங்கள் என்று வேலையில் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். அந்த ஒன்றை மட்டும் நான் வேலையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

குளிசைகளை விட்டமின் போத்தலுக்கு மாற்றினேன். பட்டன் உள்ள சட்டைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, தலையால் போடுகிற சட்டைகளாக வாங்கி அடுக்கினேன். புறப்படுவதற்கு முதல்நாள் வரை ஷிப்ட். விமானத்தில் எல்லோரும் படம் பார்த்தார்கள். நான் இவருடைய சாப்பாட்டுப் பெட்டியின் ஈயத்தாளை, சம்பந்தியம்மா பார்க்காத நேரம் பார்த்து, உரித்துக் கொடுத்தேன். நைரோபியில் இறங்கும்போதே எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

நைரோபியிலிருந்து வான் வண்டியில் போகும்போது ஒரு வளைவில் நிறுத்தி, பெரிய பள்ளத்தாக்கு ஒன்றைக் காட்டினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கீழே வெளி. நல்ல குளிர் காற்று. சம்பந்தி ஐயா படம் எடுத்தார். குளிரினால் இவருடைய கை இன்னும் அதிகமாக நடுங்கியது, நான் என் சால்வையைப் போர்த்திவிட்டு அதன் கீழே கையைப் பிடித்துக்கொண்டேன். "பாருங்க, இன்னும் கையப் பிடிச்சிட்டுதான் நிக்கிறாங்க" என்று சம்பந்தியம்மா தன் கணவரைச் சீண்டினார். நானும் வெட்கப்படுகிற மாதிரிச் சிரித்து வைத்தேன்.

நாங்கள் தங்கிய விடுதி ஏரிக்கரையிலேயே இருந்தது. மஞ்சள் பட்டை மரங்கள், பெரிய புல்வெளி, அதில் மொட்டைத் தலையோடு ஆள் உயர நாரைகள். பென்ஷன் எடுக்கக் கியூவில் நிற்கிறவர்கள் மாதிரி அவை சமையலறை வாசலில் நின்றன. பொழுது பட்டால் நீர்யானை புல் மேய வருமாம், காவல்காரன் இல்லாமல் அறையை விட்டு வரக்கூடாதாம். ஏரி சில வருடங்களாகப் பெருகி வருகிறதென்று சொன்னார்கள். கரையோர மரங்கள் எல்லாம் தண்ணீருக்குள் செத்து நின்றன. ஒவ்வொரு கொப்பிலும் நீர்க்காகம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அழகைப் பார்க்க நேரமில்லை. வரவேற்பு மேசையில் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தாங்கோ, நான் போடுறன்" என்று பேனாவைப் பறித்தேன். இவருடைய கையெழுத்து இப்போது எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்னதாகிவிட்டது.

அடுத்த நாள் காலைச் சாப்பாடு பெரிய பஃபே. எனக்கு அது போர்க்களம். இவரை மேசையில் இருத்திவிட்டு நானே தட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். பப்பாளியை வெட்டி வைத்தேன், பாணுக்குப் பட்டர் பூசினேன், கோப்பியில் பாதியை என் கோப்பைக்கு ஊற்றினேன். முட்டை எடுக்க இவர் எழும்பியபோது "இருங்கோ, நீங்கள் போகவேண்டாம்" என்று தோளைப் பிடித்து இருத்தினேன். சம்பந்தியம்மா முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு எல்லாமே நீங்கதான் எடுத்து வைப்பீங்களா அக்கா?"

"ஓம், இவருக்கு என்ன சாப்பிடுறதெண்டே தெரியாது" என்றேன்.

"எனக்கு முட்டை வேணும்" என்றார் இவர்.

"வேண்டாம். கொலஸ்ட்ரோல்."

இவருக்குக் கொலஸ்ட்ரோல் இல்லை. வழுக்கி ஓடுகிற முட்டையைத் தட்டில் துரத்துகிற இவருடைய கையை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வள்ளத்தில் ஏறும்போது செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட் தந்தார்கள். அதன் கிளிப்புகளை இவரால் போட முடியாது. நான் போட்டுவிட்டேன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் போடுகிற மாதிரி. ஏரிக்குள் போனதும் இவருடைய முகம் மாறிவிட்டது. அந்த முகத்தை நான் பல மாதங்களாகக் கண்டதில்லை. முழங்கைகளை என் தோளில் ஊன்றி, பைனாக்குலரை அப்படி நிறுத்தி, "இலைக்கோழி... அந்தா, தாமரை இலைக்கு மேலை நடக்குது... அங்காலை குட்டி மீன்கொத்தி, நீலம், என்ன நீலமப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அசையாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்தது சம்பந்தி ஐயாவின் முதுகும் வள்ளத்தின் பலகையும்தான். தோள் கடுத்தது. ஆனாலும் சொல்லவேண்டும், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது நெடுநேரம் நீடிக்கவில்லை. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்த இடத்தில் சம்பந்தி ஐயா கமராவை இவரிடம் நீட்டினார். "சார், நானும் இவளும் இருக்கோம், பின்னாடி அதுங்க வர்ற மாதிரி ஒண்ணு எடுங்களேன்."

கமரா இவருடைய கைக்குப் போகுமுன் நான் எட்டிப் பறித்துவிட்டேன். "இவரிட்டைக் குடுக்காதேங்கோ, தலையை வெட்டிப்போட்டுத்தான் படம் எடுப்பார்" என்று பெரிதாகச் சிரித்தேன். சம்பந்தி ஐயா சிரிக்கவில்லை. இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்த படத்தில் கூழைக்கடா ஒன்றும் விழவில்லை.

இப்படி மூன்று நாள். பறிக்கிறதும், வெட்டிக் கொடுக்கிறதும், இவர் வாய் திறந்தால் நான் முந்திக்கொண்டு மறுமொழி சொல்கிறதும். பேச்சும் இப்போது மெல்லியதாகிவிட்டது இவருக்கு, அதையும் மறைக்க வேண்டுமே. வேலையில் என்றால் ஷிப்ட் முடிந்ததும் இன்னொருத்தி வந்து பொறுப்பெடுப்பாள். இங்கே எனக்குப் பிறகு ஆள் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் இவரும் சம்பந்தி ஐயாவும் மரத்தடியில் பறவைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா என்னைப் புல்வெளியில் நடக்கக் கூப்பிட்டார். கொஞ்ச தூரம் மகளின் வேலை, பையனின் வேலை என்று கதைத்தோம். பிறகு அவர் நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கோ."

"எங்க பையன் சாரை மாதிரிதான். ரொம்ப அமைதி. யாராவது அதட்டினா எதிர்த்துப் பேசத் தெரியாது, அப்படியே ஒடுங்கிடுவான். சாரைப் பாக்கும்போது எனக்கு அவன் ஞாபகம்தான் வருது." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "உங்க பொண்ணு... உங்கள மாதிரியா அக்கா, சாரை மாதிரியா?"

நல்ல பெண். பக்குவமாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் சுட்டது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வருத்தத்தை மறைக்கிறேன் என்று நான் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் சேர்ந்து, அவர்கள் கண்ணுக்கு என்னைப் புருஷனை வாய் திறக்கவிடாத ராட்சசி ஆக்கிவிட்டது. ஒரு முட்டை தின்னக்கூட விடாதவள். இந்த வீட்டுப் பெண்ணை எடுத்தால் தங்கள் மகனுக்கும் இதே கதிதான் என்று அந்தத் தாய் பயந்துவிட்டார். கலியாணம் குழம்பிவிடக்கூடாது என்று பயந்த நானே அதைக் குழப்பிக்கொண்டு நின்றேன்.

"என்ர பிள்ளை என்னை மாதிரி இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இவரிடம் கொட்டித் தீர்த்தேன். முதலில் இவர் சிரித்தார். "அப்ப நான் உமக்குப் பயந்து சாகிறனெண்டு அவையள் நினைக்கினமோ? நினைச்சது முழுப் பிழையுமில்லை." நான் அழுவதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். "சொல்லிப்போடுவம்" என்றார்.

"ஏலாது. இவ்வளவு தூரம் வந்திட்டம். இன்னும் ரெண்டு நாள்தான்."

"நீர் உம்மடை முகத்தைக் கண்ணாடியில பாத்தனீரோ?" என்று கேட்டார். நான் அடுத்த நாளுக்கு இவருடைய சட்டையை எடுத்து வைத்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கடைசி நாள் காலை மீன்கழுகு பார்க்கப் போனோம். வெள்ளைத் தலையும் கபில நிற உடம்புமாகச் செத்த மரங்களின் உச்சியில் இருக்கும். வள்ளக்காரர் விசிலடித்து ஒரு மீனை எறிவார், அது பறந்து வந்து தண்ணீரில் காலைத் தோய்த்து மீனைத் தூக்கிக்கொண்டு போகும். சம்பந்தி ஐயா அதற்காகவே நாலு நாளாகக் காத்திருந்தவர். கமராவைக் கண்ணில் வைத்துத் தயாராக இருந்தார். இவரும் பைனாக்குலரை மடியில் வைத்துக்கொண்டு மர உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சினை நிறுத்தியதும் வள்ளம் சும்மா மிதந்தது.

சம்பந்தியம்மா பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். எனக்கு ஒன்று தந்தார். பிறகு ஒரு கோப்பையை விளிம்பு வரை நிரப்பி, என்னைத் தாண்டிக் கையை நீட்டினார்.

"சார், நீங்களே வாங்கிக்கங்க."

அவர் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் பறிப்பேனா என்று பார்க்கிறார் என்று தெரிந்தும் என் கை தன்பாட்டில் நீண்டது.

"விடும்" என்றார் இவர்.

முப்பது வருடத்தில் இவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. என் கை அந்தரத்தில் நின்றது. இவர் வலது கையால் கோப்பையை வாங்கினார். வாங்கின உடனே அது ஆடத் தொடங்கியது. தேநீர் விரலில் கொட்டியது, மடியில் கொட்டியது, பைனாக்குலரில் கொட்டியது. இவர் கோப்பையை விடவில்லை. இடது கையையும் கொடுத்து, குனிந்து, மிச்சமிருந்த ஒரு வாயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். சம்பந்தியம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. சம்பந்தி ஐயா கமராவை இறக்கினார்.

"எனக்குப் பார்க்கின்சன் வருத்தம்" என்றார் இவர். "இவ என்ரை கையிலையிருந்து ஒண்டையும் பறிக்கேல்லை. நான் கீழை போட்டுடுவன் எண்டுதான் வாங்கினவ. உங்களுக்கு முதல் நாளே சொல்லுவம் எண்டு நிண்டவ இவதான். நான்தான் விடேல்லை. பொம்பிளைப்பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப்போடும், எழுத்து முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு நான்தான் இவவின்ர வாயைப் பூட்டி வச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அத்தனையும் என் சொற்கள். பஸ்ஸில் நான் இவருக்குச் சொன்ன சொற்கள். அவற்றைப் பொறுக்கியெடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வள்ளக்காரருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் எல்லோரும் அமைதியாகிவிட்டதால் தயாராகிவிட்டோம் என்று நினைத்து விசிலடித்து மீனை எறிந்துவிட்டார். கழுகு வந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே தண்ணீரை அடித்துத் தூக்கிக்கொண்டு போனது. கமராவை யாரும் தூக்கவில்லை. இவர் மட்டும் தேநீர் வடிகிற காற்சட்டையோடு தலையைத் திருப்பி, அது மரத்துக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்த பிறகு சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "அக்கா, இது பொண்ணுக்கு வருமா?"

இரண்டு வருடமாக நான் பயந்த கேள்வி. "பெரும்பாலும் பரம்பரையா வாறதில்லையெண்டு டொக்டர் சொன்னவர். ஒருக்காலும் வராதெண்டு எழுதித் தர என்னால ஏலாது" என்றேன். அவர் தலையாட்டினார். "வீட்ல போய்ப் பேசிட்டுச் சொல்றோம்" என்றார். கேள்வியும் முடிந்தது, பதிலும் முடிந்தது. இதற்காகவா இவ்வளவு பாடு என்று நினைத்தேன்.

அறையில் இவருடைய ஈரக் காற்சட்டையை மாற்றப் போனேன். வேண்டாம் என்று தானே மாற்றினார். நெடுநேரம் எடுத்தது. நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?"

"வருத்தம் எப்பிடியும் என்னோடைதானே இருக்கப்போகுது. கெட்ட பேரும் என்னோடையே இருக்கட்டும்" என்றார். பெல்ட்டோடு மல்லுக்கட்டியபடியே சொன்னார், "நீர் ஏற்கெனவே கனக்கத் தூக்கிறீர். அதையும் தூக்க உம்மால ஏலாது."

நான் அப்படியே சரிந்து படுத்தேன். பின்னேரம்தான் எழும்பினேன். அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு தூக்கம். வெளியே வந்து பார்த்தபோது இவர் புல்வெளியில் கதிரை போட்டு, சட்டையெல்லாம் சாறு வடிய வத்தகப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சம்பந்தி ஐயா தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

லண்டன் வந்து கொஞ்ச நாள் அவர்களிடமிருந்து சத்தமில்லை. மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் ஷிப்டில் இருந்து ஷிப்டுக்கு ஓடிக்கொண்டு, போன் அடிக்கிற ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைத்தேன். பிறகு ஒருநாள் சம்பந்தியம்மா போன் எடுத்தார். எழுத்துக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்டார். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பிருக்கவில்லை, "ஓம், பாப்பம்" என்றேன். வைக்குமுன், "உங்களத் தப்பா நினைச்சிட்டேன் அக்கா, மன்னிச்சிருங்க. இவ்வளவு நாளும் எப்படித்தான் தாங்கினீங்களோ. சார்தான் பெரிய அழுத்தக்காரர்" என்றார்.

எழுத்தும் முடிந்துவிட்டது. இப்போது அவர்கள் மாதத்துக்கு ஒரு தரமாவது வருகிறார்கள். ஆண்கள் இருவரும் வான்டில் ஆற்றங்கரைக்குப் போய் வருவார்கள். இவர் பைனாக்குலர் பிடிப்பது குறைந்துவிட்டது, சம்பந்தி ஐயா பார்த்துச் சொல்ல இவர் பேர் சொல்கிறார். திரும்பி வந்து தேநீருக்கு உட்கார்ந்ததும் சம்பந்தியம்மா தொடங்குவார். உரிமையோடு, பாசத்தோடுதான். "ஆனாலும் சார், நீங்க அக்காவுக்குப் பண்ணது ரொம்பத் தப்பு. வாயைப் பூட்டி வச்சு, பாவம், அவங்களை எங்ககிட்ட எவ்வளவு கெட்டவங்களாக் காட்டிட்டீங்க. இனிமே எதையும் இப்படி மறைக்கக் கூடாது, என்ன?"

"ஓம் ஓம். பிழைதான். இனி மறைக்கமாட்டன்" என்று இவர் தலையாட்டுவார். ஒவ்வொரு முறையும். மகள் அந்த நேரம் எழும்பிச் சமையலறைக்குள் போய்விடுவாள். சம்பந்தியம்மா என் கையைத் தட்டிக்கொடுப்பார். நான் பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்போது இவர் எல்லோரையும் பார்ப்பார், யன்னலுக்கு வெளியே பார்ப்பார், கோப்பைக்குள் பார்ப்பார். என்னை மட்டும் பார்க்கமாட்டார். பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.